மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தாலும் உதவித்தொகை வருமா?

திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 24 வயது இளைஞர் ஒருவர், தன் தங்கைக்காக நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளராக மாதம் 18,000 ரூபாய் சம்பாதிக்கிறார். அப்பாவுக்குக் கட்டட வேலை. வேலை இல்லாத நாட்களையும் கணக்கில் கொண்டால் மாதத்துக்கு 11,000 ரூபாய் வருகிறது. அம்மாவுக்கு வயல் வேலையிலும் நூறு நாள் வேலையிலும் சேர்த்து 4,500 ரூபாய் கிடைக்கிறது. ஆதிதிராவிடர் குடும்பம். தங்கை எட்டாம் வகுப்பு வரை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியிலும், பிறகு அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியிலும் படித்து, பொறியியல் கட்-ஆஃப் 148 எடுத்திருக்கிறார்.

தேர்வு முடிவு வந்த மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த அட்மிஷன் ஏஜென்ட் ஒருவர், "கலந்தாய்வுக்கெல்லாம் அலைய வேண்டாம், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் போட்டுத் தருகிறோம், எஸ்.சி. ஸ்காலர்ஷிப் வந்ததும் அதில் கழித்துக்கொள்வோம், நீங்கள் ஒரு ரூபாய் கட்ட வேண்டாம்" என்று சொல்லி, தங்கையின் அசல் மதிப்பெண் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் கல்லூரிக்கு வாங்கிச் சென்றுவிட்டார். முன்பணமாக 10,000 ரூபாயைத் தன் கைபேசி எண்ணுக்கு அனுப்பச் சொல்லிப் பெற்றுக்கொண்டார். கல்லூரியின் ரசீது எதுவும் தரப்படவில்லை. கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய இன்னும் 11 நாட்கள் இருக்கின்றன.

இதற்கிடையில் சித்தப்பா ஒருவர், "உன் சம்பளத்தையும் சேர்த்தால் வருமானம் நான்கு லட்சத்தைத் தாண்டிவிடும், உதவித்தொகை கிடைக்காது, ரேஷன் கார்டிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டு, 72,000 என்று வருமானச் சான்று வாங்கிவிடு" என்கிறார். வீட்டில் டிப்ளமோ படித்தவர் இருப்பதால் முதல் பட்டதாரிச் சான்று கிடைக்காது என்றும், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கினால் மற்ற உதவிகள் நின்றுவிடும் என்றும் ஊரில் சொல்கிறார்கள். எதுவும் நடக்காவிட்டால் தனிநபர் கடன் வாங்கியாவது படிக்கவைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். "தங்கைக்கு இதெல்லாம் தெரியாது, சர்டிபிகேட் காலேஜில் இருப்பது மட்டும் தெரியும்" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. உங்கள் குடும்பம் பொய் சொல்ல வேண்டிய நிலையிலும் இல்லை, கடன் வாங்க வேண்டிய நிலையிலும் இல்லை. ஆபத்து ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஏஜென்ட் காட்டிய அந்த மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரி நிர்வாகமே நேரடியாக இடம் தரும் நிர்வாக ஒதுக்கீட்டு வாசல்தான் அது. அதனால் முதலில் அதைப் பேசிவிடுகிறேன்.

எந்த வழியாகச் சேருகிறார் என்பதே முதல் கேள்வி

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, சாதிச் சான்றையும் வருமானச் சான்றையும் காட்டினாலே வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த மாணவர் எந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தார் என்பதையும் அத்திட்டம் பார்க்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இந்த உதவித்தொகை இல்லை என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் 2018 முதலே சொல்கின்றன. ஆகவே "ஸ்காலர்ஷிப் வந்ததும் கழித்துக்கொள்வோம்" என்று அவர் சொன்ன தொகை வரப்போவதே இல்லை. முதலாண்டு நடுவில், உங்கள் தங்கை அங்கே படித்துக்கொண்டிருக்கும்போது, முழுக் கட்டணத்தையும் கட்டச் சொல்வார்கள். கட்ட முடியாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டோம் என்பார்கள். என் அலுவலகத்துக்கு வரும் கல்விக் கட்டண வழக்குகளில் பல இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன; அவற்றில் மாணவர் பக்கம் நின்று வாதாடுவது எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்களுக்கு யாரும் சொல்லாத இன்னொரு செய்தி உண்டு. தனியார் பொறியியல் கல்லூரிகள் தங்கள் இடங்களில் ஒரு பகுதியை அரசு ஒதுக்கீட்டுக்கு அளிக்கின்றன. சிறுபான்மையினர் அல்லாத கல்லூரிகளில் இது 65 விழுக்காடு, சிறுபான்மையினர் கல்லூரிகளில் 50 விழுக்காடு. அந்த இடங்கள் கலந்தாய்வின் வழியாகவே நிரப்பப்படுகின்றன. அதாவது, ஏஜென்ட் சொன்ன அதே கல்லூரி உங்கள் தங்கைக்குப் பிடித்திருந்தால், அதையே கலந்தாய்வின் விருப்பப் பட்டியலில் எழுதிப் பெற முயலலாம். அப்படிக் கிடைத்தால் அரசு உதவிகள் அனைத்துக்கும் தகுதி உண்டு. கலந்தாய்வுப் பதிவுக்கு ஆதிதிராவிட மாணவர்கள் கட்ட வேண்டியது 250 ரூபாய் மட்டுமே.

அதைவிட முக்கியமானது 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காக 2020-இல் மருத்துவப் படிப்புக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் தமிழக அரசு சட்டம் இயற்றி இதைக் கொண்டுவந்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. "ஊராட்சி ஒன்றியப் பள்ளி அரசுப் பள்ளிக் கணக்கில் வராதாமே" என்று ஐயப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். வரும். ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறை ஆகியவை நடத்தும் பள்ளிகளும் இந்தச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளே. பதிவின்போது ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளியில் எந்தெந்த ஆண்டு படித்தார் என்ற விவரத்தைப் பிழையில்லாமல் கொடுக்க வேண்டும். இரண்டு பள்ளித் தலைமையாசிரியர்களிடமும் படிப்புச் சான்றை இந்த வாரமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ்களைத் திரும்பப் பெறுதல்

அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை எந்தக் கல்லூரிக்கும் இல்லை. சரிபார்த்துவிட்டு உடனே மாணவரிடம் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் தெளிவாக அறிவுறுத்தியிருக்கின்றன. வகுப்பு தொடங்குமுன் மாணவர் விலகினால், 1,000 ரூபாய்க்கு மிகாத நடைமுறைக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி.

நேரில் போய்ச் சண்டை போடாதீர்கள். "என் மகள் தங்கள் கல்லூரியில் சேர விரும்பவில்லை, இன்ன தேதியில் கொடுத்த இன்னின்ன அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தரவும்" என்று அப்பா எழுதுவதாக ஒரே பக்கத்தில் கடிதம் எழுதி, இரண்டு பிரதிகள் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால், அன்றே பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் கல்லூரி முதல்வருக்கு அனுப்புங்கள். கல்லூரியின் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். மூன்று நாளில் பதில் இல்லையென்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள், முதல்வரின் முகவரித் துறையின் 1100 என்ற எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் முத்திரை வாங்கும் இடத்திலேயே காரியம் முடிந்துவிடும். சான்றிதழ் கைக்கு வரும்வரை கலந்தாய்வுப் பதிவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பதிவுக்குச் சான்றிதழ்களின் ஸ்கேன் படிகளையே ஏற்ற வேண்டும் என்பதால், வீட்டில் இருக்கும் நகல்களைக் கொண்டு நாளைக்கே தொடங்கலாம்.

10,000 ரூபாயைப் பற்றி உங்களுக்கு நம்பிக்கையை மட்டும் ஊட்டி அனுப்ப எனக்கு மனமில்லை. அது கல்லூரிக் கணக்குக்குப் போகாமல் தனிநபரின் எண்ணுக்குப் போயிருப்பதால், "எங்களுக்கு அப்படி ஒருவரைத் தெரியாது" என்று கல்லூரி சொல்லக்கூடும். பணம் அனுப்பிய விவரத்தை, பரிவர்த்தனை எண் தெரியும்படி இப்போதே படம் எடுத்து வையுங்கள்; ஏஜென்டோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காதீர்கள். கேட்டும் தராவிட்டால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாக மோசடிப் புகார் அளிக்கலாம். ஆனால் அந்தப் பணத்தை மீட்கும் முயற்சியில் பதிவுக்கான 11 நாட்களைத் தொலைத்துவிடாதீர்கள். இழந்தாலும் அது பத்தாயிரம். கலந்தாய்வைத் தவறவிட்டால் போவது நான்காண்டுக் கட்டணம்.

வருமானச் சான்றும் ரேஷன் கார்டும்

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கான ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை பெற்றோரின் வருமானத்தை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும், சம்பாதிக்கும் மற்ற உறுப்பினர்களின் வருமானத்தைச் சேர்க்கக் கூடாது என்பது அத்திட்டத்தின் நெறிமுறை. உங்கள் அப்பா, அம்மா இருவரின் வருமானம் மாதம் 15,500; ஆண்டுக்கு 1,86,000. வரம்புக்கு உள்ளேயே இருக்கிறது. உங்கள் சம்பளம் இந்தக் கணக்கில் வரவே இல்லை. சித்தப்பா உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்லியிருப்பார், ஆனால் தேவையே இல்லாத ஒரு பொய்யை உங்கள் தலையில் வைக்கப் பார்க்கிறார்.

அந்தப் பொய்க்கு விலையும் உண்டு. தவறான தகவல் கொடுத்துப் பெற்றது தெரியவந்தால் உதவித்தொகை ரத்தாகும், வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும், மீண்டும் விண்ணப்பிக்க முடியாமலும் போகும். பொய்ச் சான்றுக்காகக் குற்ற வழக்குக்கும் இடமுண்டு. ரேஷன் கார்டிலிருந்து உங்கள் பெயரை நீக்கினால் இன்னொரு சிக்கலும் வரும். முதல் பட்டதாரிச் சான்றுக்கான விசாரணையில், குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள், என்ன படித்திருக்கிறார்கள் என்று பார்க்க அதே கார்டைத்தான் எடுப்பார்கள். சென்ற மாதம் வரை இருந்த மகனின் பெயர் இந்த மாதம் இல்லையென்றால், கிராம நிர்வாக அலுவலர் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது, கல்வி உதவித்தொகைக்காக என்று நோக்கத்தைக் குறிப்பிட்டு, அப்பாவின் வருமானத்தையும் அம்மாவின் வருமானத்தையும் தனித்தனியே எழுதுங்கள். அம்மாவின் நூறு நாள் வேலைக் கூலியை விட்டுவிடாதீர்கள். விசாரணைக்கு வரும்போது நீங்கள் வேலைக்குப் போவதையும் மறைக்க வேண்டாம். கேட்டால் சொல்லுங்கள், உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமானமே கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதல் பட்டதாரி, புதுமைப் பெண்

பட்டயம் வேறு, பட்டம் வேறு. நீங்கள் பெற்றது பட்டயம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் ஆகியோரில் பட்டம் பெற்றவர் யாரும் இல்லாததால் உங்கள் தங்கையே உங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறார். இந்தச் சலுகைக்குச் சாதியும் தடையில்லை, வருமான வரம்பும் இல்லை. கலந்தாய்வு வழியாகச் சேருபவருக்குக் கல்விக் கட்டணத்தில் கிடைக்கும் சலுகை இது. விண்ணப்பத்தில் உங்கள் படிப்பை "டிப்ளமோ" என்றே தெளிவாக எழுதுங்கள். ஒரே கல்விக் கட்டணத்தை இரண்டு திட்டங்களில் பெற முடியாது என்பதால், 7.5 ஒதுக்கீட்டிலோ போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையிலோ கட்டணம் முழுவதும் அடைந்துவிட்டால் இது தேவைப்படாமல் போகலாம். இருந்தாலும் சான்றை வாங்கி வையுங்கள், ஒன்று தவறினால் மற்றொன்று நிற்கும்.

புதுமைப் பெண் திட்டம் தனி. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய இத்திட்டத்தில், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. வருமான வரம்பு கிடையாது. வேறு உதவித்தொகை பெறுவதும் இதற்குத் தடையில்லை. கல்லூரியில் சேர்ந்தபின் கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். பேருந்துக்கும் நோட்டுக்கும் உங்களிடம் கேட்கத் தயங்கும் ஒரு பெண்ணுக்கு அந்த ஆயிரம் ரூபாய் பெரிய விஷயம். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

பணம் எப்போது, எந்தக் கணக்குக்கு வருகிறது

7.5 ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காமல், ஆதிதிராவிடர் ஒதுக்கீட்டிலோ பொதுப் பிரிவிலோ சேர்ந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைதான் துணை. தமிழகத்தில் 2012-ஆம் ஆண்டின் அரசாணை, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களையும் இதில் கொண்டுவந்தது. ஆனால் அரசு தருவது கட்டண நிர்ணயக் குழு வகுத்த தொகையைத்தான். பேருந்து, வேலைவாய்ப்புப் பயிற்சி, சீருடை என்று கல்லூரி தனியே கேட்பவை அதில் வராது. சேருமுன் அந்தப் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணம் மாணவரின் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது. மாநில அரசின் 40 விழுக்காடு முதலிலும், மத்திய அரசின் 60 விழுக்காடு பிறகுமாக வருவதால், கட்டணம் கட்ட வேண்டிய நாளுக்குள் முழுத் தொகையும் வந்து சேர்வது அரிது. அதுவரை பொறுத்திருக்கும்படி கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். கணக்கில் கல்விக் கட்டணமாக வருவது கல்லூரிக்குச் சேர வேண்டிய பணம், பராமரிப்புத் தொகைதான் மாணவருக்கு. வீட்டில் அவசரம் என்று கட்டணப் பணத்தை எடுத்துவிட்டுப் பிறகு தவிக்கும் குடும்பங்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, ஆனாலும் நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் பாஸ்புக்கை என் மேசையில் விரித்துவைத்து, "எல்லோருக்கும் வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை" என்று அழுதார். இணையத்தில் அவர் விண்ணப்பம் "தொகை வழங்கப்பட்டது" என்று காட்டியது. விசாரித்தால், ஏழாம் வகுப்பில் பள்ளியில் திறந்துகொடுத்த வேறொரு வங்கியின் கணக்கோடு அவர் ஆதார் இணைந்திருந்தது. அந்தக் கணக்கில் கொடுத்திருந்த கைபேசி எண், எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் விட்ட அவர் அப்பாவின் பழைய எண். பணம் அங்கே பத்திரமாக இருந்தது, செய்தி மட்டும் வந்து சேரவில்லை. உங்கள் தங்கைக்கும் பள்ளிக் காலக் கணக்கு ஒன்று இருக்கும். எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். ஆதாரிலும் மதிப்பெண் சான்றிதழிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்துக்கு முன்பே ஆதாரைத் திருத்துங்கள்.

விண்ணப்பம் நிலுவையில் நின்றால் மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அங்கும் பதில் கிடைக்காவிட்டால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, "என் விண்ணப்பம் எந்த அலுவலரிடம், எந்தத் தேதியிலிருந்து, எக்காரணத்தால் நிற்கிறது" என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

கடன் பற்றி

தனிநபர் கடன் வேண்டவே வேண்டாம். அதற்கு அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும். ஒப்பந்த வேலையில் இருப்பவர் நான்காண்டு காலத்துக்கு அந்தச் சுமையை ஏற்கக் கூடாது. உதவித்தொகைக்குப் பிறகும் பற்றாக்குறை இருந்தால் கல்விக் கடன் கேளுங்கள். 4 லட்சம் ரூபாய் வரை வங்கி அடமானம் கேட்கக் கூடாது. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கோ படிப்புக்கோ உரிய தரச் சான்று இருந்தால், அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் உண்டு. உங்கள் சம்பளத்தைச் சேர்த்தாலும் உங்கள் குடும்ப வருமானம் 4,02,000 ரூபாய்தான். வங்கி மறுத்தால், வாய்வார்த்தையோடு திரும்பாமல் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தங்கைக்குத் தெரிய வேண்டும்

உங்கள் கடிதத்தின் கடைசி வரி எனக்கு வருத்தம் தந்தது. தங்கைக்குக் கவலை கொடுக்கக் கூடாது என்றுதான் மறைத்திருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் விண்ணப்பதாரர் அவர். கணக்கு அவர் பெயரில் இருக்கிறது, ஓ.டி.பி. அவர் ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு வரும், உதவித்தொகையை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டியவரும் அவரே. நீங்கள் ஒரகடத்தில் ஷிப்டில் இருக்கும்போது கல்லூரி அலுவலகத்தில் "நாளைதான் கடைசி நாள்" என்று அறிவிப்பு ஒட்டினால், அதைப் பார்க்கப்போவதும் அவர்தான். அவர் பெயரில் ஒரு சிம் வாங்கிக் கொடுத்து, அந்த எண்ணையே ஆதாரிலும் வங்கியிலும் பதிவு செய்யுங்கள். சான்றிதழ்களைக் கேட்கக் கல்லூரிக்குப் போகும்போது அப்பாவோடு அவரையும் அழைத்துப் போங்கள். அந்தக் கடிதத்தில் அப்பாவின் கையெழுத்துக்கு மேலே அவருடைய கையெழுத்து இருக்கட்டும்.